எழுதத் தகுந்த கரு எது?

சென்ற திங்கள் நமது சங்கத்தின் மாதக் கூட்டம் திருப்பதியில் முடிந்து, அன்பர்கள் காப்பி அருந்திக் கலைந்துகொண்டிருந்த வேளையில், சித்தூரிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். அவர் மாம்பழக் கூழ் தயாரிக்கும் ஆலை ஒன்றில் கணக்கு எழுதுபவர். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. "அண்ணா, மனத்தில் ஒரு கதை இருக்கிறது. எழுதலாமா, விட்டுவிடலாமா என்று தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

நாம் பெரிய எழுத்தாளர் அல்லோம். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, சீட்டுக் கொடுப்பதும் கணக்கு ஒப்படைப்பதுமாகக் காலங்கழிப்பவர். இவ்விதழில் அவ்வப்போது இரண்டு பக்கம் எழுதுவதனால் இளைஞர் சிலர் நம்மைப் பெரிதாக எண்ணிவிடுகிறார்கள். அவர் தம் கதையை ஐந்து நிமிடத்தில் சொன்னார். ஆந்திர மாநிலம் பிறந்த 1953-ஆம் ஆண்டை ஒட்டிய எல்லைப் போராட்டக் காலம். ஒரு தமிழ்ப் பையன், ஒரு தெலுங்குப் பெண். பொதுக்கூட்டங்கள், தடியடி, பிரிவு, இறுதியில் ஒரு மரணம். நமக்கோ இரவுப் பணிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "நன்றாயிருக்கிறது தம்பி, எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டோம்.

அன்றிரவு சீட்டுச் சன்னலில் அமர்ந்திருக்கையில் அந்தச் சொல் நம்மை உறுத்தத் தொடங்கியது. மாங்காய்ப் பருவத்தில் அவருக்கு இரவும் வேலை உண்டு. தங்கையின் திருமணக் கடன் வேறு இருப்பதாகச் சொல்லியிருந்தார். அத்தகையவர் நமது வாய்ச்சொல்லை நம்பி, உறக்கத்தை விற்று, ஓராண்டோ ஈராண்டோ ஒரு நாவலில் செலவிட்டு, இறுதியில் அது உயிரற்றதெனக் கண்டால் அதற்கு யார் பொறுப்பு? நமக்கே அப்படி ஒன்று நேர்ந்திருக்கிறது. ஆதலால் அதன் வலி தெரியும்.

சந்திரகிரிக் கோட்டையை நம் அன்பர்கள் அனைவரும் கண்டிருப்பர். விஜயநகரப் பேரரசின் கடைசிக் காலத் தலைநகர்களுள் ஒன்று. அங்குள்ள ராஜமகாலின் நிழலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமர்ந்திருந்தபோது நமக்கு ஒரு சரித்திர நாவல் தோன்றியது. சென்னைப் பட்டணத்து நிலத்தை ஆங்கிலேயர் பெற்ற 1639-ஆம் ஆண்டில் கதை தொடங்கும். குதிரை வீரன் உண்டு. சுரங்க வழி உண்டு. மாறுவேடத்தில் ஒரு நாயக்க இளவரசி உண்டு. இரண்டு ஆண்டுகள் எழுதினோம். நூற்று நாற்பது பக்கம் சேர்ந்தன. ஒருநாள் முதலிலிருந்து படித்துப் பார்த்தோம். அதில் நாம் அறிந்தது என்று ஒரு வரியும் இல்லை! நிலவும் குறுவாளும் குளம்பொலியும் நாம் சிறு வயதில் விரும்பிப் படித்த புத்தகங்களிலிருந்து வந்தவை. எழுத வேண்டும் என்ற ஆசை நமக்கு இருந்தது உண்மை. அந்தக் கதையை எழுத வேண்டும் என்ற ஆசை இருக்கவில்லை. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணியதே பிழை.

சரித்திரக் கதை எழுதுவது தவறென்று இதற்குப் பொருளல்ல. கல்கி அவர்கள் மாமல்லபுரத்துக் கடற்கரையில் ரசிகமணி டி. கே. சி.யோடு அமர்ந்திருந்த ஒரு வேளையில் சிவகாமியும் ஆயனரும் மகேந்திர பல்லவரும் அவர் மனத்தில் எழுந்தனர் என்பதையும், பன்னிரண்டு ஆண்டுகள் அவர்களைச் சுமந்திருந்தார் என்பதையும் அவரே 'சிவகாமியின் சபதம்' முன்னுரையில் எழுதியிருக்கிறார். இடையில் அவர் எத்தனையோ எழுதினார், பத்திரிகை நடத்தினார், சிறை சென்றார். அத்தனைக்கும் பிறகு அந்தக் கரு மங்காமல் இருந்தது. நமது நாயக்க இளவரசியோ, நாம் காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்தபோது ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை.

இரயில்வே ஊழியர் என்ற முறையில் நமக்கு மிகவும் உவப்பான செய்தி ஆர். கே. நாராயண் அவர்களைப் பற்றியது. 1930-ஆம் ஆண்டு, பெங்களூரில், பாட்டி குறித்துக் கொடுத்த விஜயதசமி நன்னாளில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்துக்கொண்டு, என்ன எழுதுவதென்று அறியாமல் அவர் அமர்ந்திருந்தார். அப்போது மனக்கண்ணில் வந்தது ஒரு சிறிய இரயில் நிலையம். அதன் பெயர் மால்குடி. போர் இல்லை, காதல் இல்லை. வெறும் இரயில் நிலையம். அதிலிருந்து பிறந்த 'சுவாமியும் நண்பர்களும்' என்ற நாவலைப் பதிப்பாளர் பலர் திருப்பி அனுப்பினர். மனம் கசந்த அவர், ஆக்ஸ்போர்டில் இருந்த தம் நண்பர் பூர்ணாவுக்கு, அந்தக் கையெழுத்துப் பிரதியைக் கல்லோடு கட்டித் தேம்ஸ் நதியில் எறிந்துவிடும்படி எழுதினார். நண்பரோ நல்லவேளையாக அதைக் கிரகாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீனின் முயற்சியால் 1935-இல் நூல் வெளிவந்தது. பிறர் ஏற்றாரா மறுத்தாரா என்பதைக் கொண்டு ஒரு கருவின் தகுதியை அறிய முடியாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை. அதை எழுதியவரே அந்த நேரத்தில் தவறாகத் தீர்ப்பளித்துவிட்டாரே!

அவருடைய 'வழிகாட்டி'யின் வரலாறு இன்னும் சுவையானது. விருப்பமின்றியே மகானாக்கப்பட்டுவிட்ட ஒரு மனிதனைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. எண்ணம் மட்டும், கதை இல்லை. மைசூரில் கொடிய வறட்சி வந்து, மழை வேண்டி அந்தணர்கள் ஆற்றில் நின்று ஜபம் செய்ததைக் கண்ட பிறகே அந்த எண்ணத்துக்கு ஓர் இடமும் ஒரு நெருக்கடியும் கிடைத்தன. 1956-இல் அமெரிக்கா சென்றபோது, பெர்க்லியில் தங்கி அதை எழுதினார். நூல் 1958-இல் வந்தது. 1960-இல் சாகித்திய அகாதெமிப் பரிசும் பெற்றது. பல வேளைகளில் நம்மிடம் இருப்பது பாதிக் கருதான். அதை முழுமையென எண்ணி எழுதத் தொடங்கினால் மூன்றாம் அத்தியாயத்தில் நின்றுவிடும். பயனற்றதென எறிந்துவிட்டாலோ, மறுபாதி வந்து கதவைத் தட்டும்போது வீட்டில் ஆள் இராது.

நமது சங்கத்து மூத்த அன்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் நகைத்தார். "இதே திருமலையில் அன்னமய்யா இருந்தாரே, தகுதி பார்த்துக்கொண்டா இருந்தார்? நாள்தோறும் பாடினார்; பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கீர்த்தனங்கள் செப்பேட்டில் கிடைத்திருக்கின்றன" என்றார். உண்மைதான். ஆனால் அவருக்குப் பாட்டுடைத் தலைவன் யார் என்ற ஐயம் ஒருநாளும் வந்ததில்லை. நமக்கு அந்த ஐயமே பெருந்தொல்லை. அன்றியும் நமக்கு எட்டு மணி நேரப் பணி இருக்கிறது.

ஊர்விட்டு ஊர் வந்த நம் போன்ற குடும்பத்தினர்க்கு இங்கே ஒரு தனிப்பட்ட இடர் உண்டு. நம் வீட்டில் நடப்பது கதையாகாது என்று நாம் திடமாக நம்புகிறோம். கதை என்றால் அது தஞ்சாவூரிலோ மதுரையிலோ நடக்க வேண்டும். குறைந்தது சென்னையிலாவது நடக்க வேண்டும். வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்குமாகப் பேசி, இரண்டிலும் சிறிது தடுமாறும் நம் பிள்ளைகளைக் கதையில் வைப்பார் உண்டோ என்கிறோம். அசோகமித்திரன் அவர்கள் 1931-இல் செகந்தராபாத்தில், இரயில்வே ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். தந்தை மறைந்த பின் 1952-இல் சென்னை சென்றார். நிஜாம் ஆட்சியின் இறுதி நாட்களில், அந்த ஊரின் தமிழ்க் குடும்பமொன்றில் வளர்ந்து, கிரிக்கெட் ஆடித் திரிந்த ஒரு மாணவனின் கதையான 'பதினெட்டாவது அட்சக்கோடு' 1977-இல் வெளிவந்தது. ஊரைவிட்டு நீங்கி இருபத்தைந்து ஆண்டுகள்! இன்று அதைத் தமிழின் சிறந்த நாவல்களில் ஒன்றென்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் பாகாலாவை அடுத்த தாமலச்செருவில் வாழ்ந்த பள்ளி ஆசிரியர் மதுராந்தகம் ராஜாராம் அவர்கள், இம்மாவட்டத்துச் சிற்றூர் மக்களைப் பற்றியே தெலுங்கில் சிறுகதைகள் எழுதி, 1993-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றார். நாம் சன்னல் வழியே பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டு செல்லும் அதே வறண்ட குன்றுகளும் அதே கடலைக்காய்க் காடுகளும்தான் அவருக்கும் இருந்தன.

இனி நமது இரண்டாவது கருவைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லச் சிறிது கூச்சமாகவே இருக்கிறது.

முன்பு நாம் பணிபுரிந்த ஒரு நிலையத்தில், ஒருநாள் காலை ஓர் ஆணும் பெண்ணும் ஒரு மூதாட்டியும் சன்னலருகே வந்து வண்டி நேரம் விசாரித்தார்கள். மூதாட்டி மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். நமது புட்டியைக் கொடுத்தோம். மாலையில் அந்த ஆண் மட்டும் வந்து சீட்டு வாங்கிச் சென்றார். மறுநாள் விடியற்காலையில் மூதாட்டி நடைமேடைப் பெஞ்சில் தனியே அமர்ந்திருந்தார். மகன் காப்பி வாங்கப் போயிருக்கிறான் என்றார். நண்பகல் வரை அதையே சொன்னார். பின்னர் இரயில்வே காவலர் அவரை அழைத்துச் சென்றனர்.

அதைக் கதையாக்கப் பலமுறை முயன்றோம். மகனைக் கொடியவனாக்கினோம், அது தெருக்கூத்துப் போல் இருந்தது. மருமகளைக் கொடியவளாக்கினோம், அது அதனினும் மலிவு. தாயின் கண்ணீரை நான்கு பக்கம் எழுதினோம், நமக்கே அலுத்துவிட்டது. கரு பயனற்றதென முடிவு செய்து ஓரிரவு நம் இல்லாளிடம் நிகழ்ச்சியைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுக் கேட்டார்: "சாயங்காலம் அவர் எத்தனை டிக்கெட் வாங்கினார்?"

இரண்டு. நாம் கொடுத்தது இரண்டு சீட்டு. காலையில் மூவரைக் கண்டோம். மூதாட்டிக்குத் தண்ணீரும் கொடுத்தோம். மாலையில் இரண்டு சீட்டைக் கொடுத்துச் சில்லறையைச் சரியாக எண்ணி வைத்தோம். ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் அவர் ஏதேனும் ஒரு விடை சொல்லியிருப்பார், அதையும் நம்பியிருப்போம். எனினும் கேட்கவில்லை. ஆறு ஆண்டுகளாக அந்தக் கதை நம்மை விடாதிருந்ததன் காரணம் அன்றுதான் நமக்குப் புலப்பட்டது. நாம் மகனைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தோம். கதையோ சன்னலுக்கு இந்தப் பக்கம் அமர்ந்திருந்தது.

பிறர் துயரத்தை எடுத்துக் கதையாக்க நமக்கு உரிமை உண்டா என்ற கேள்வியும் இருந்தது. மூதாட்டியின் ஊரும் அடையாளமும் தெரியும்படி எழுதுவது தகாது. அந்த மகனுக்கு என்ன நெருக்கடியோ, நாம் அறியோம். ஆனால் சன்னலுக்குள் இருந்த எழுத்தனைப் பற்றி எழுத நமக்கு முழு உரிமை இருக்கிறது. இன்னும் எழுதி முடிக்கவில்லை. பதினோரு பக்கம் ஆகியிருக்கிறது. அடுத்து அவன் என்ன செய்வான் என்று நமக்குத் தெரியவில்லை. சந்திரகிரி நாவலிலோ, இறுதி அத்தியாயம் முதல் நாளே தெரிந்திருந்தது.

வார ஓய்வு நாளன்று சித்தூர் சென்று அந்த இளைஞரைக் கண்டோம். முன்பு அவசரத்தில் சொன்னதற்கு வருத்தம் தெரிவித்து, "எல்லைப் போராட்டத்தின் மேல் உங்களுக்கு ஏன் இத்தனை ஆர்வம், தம்பி?" என்று கேட்டோம். அவர் மாநிலப் பிரிவினை பற்றிப் படித்ததையெல்லாம் சொன்னார். ம. பொ. சி.யின் கிளர்ச்சியைச் சொன்னார். படாஸ்கர் தீர்ப்பையும், 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததையும் சொன்னார். எல்லாம் சரியாகவே சொன்னார். ஆனால் சொல்கையில் அவர் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை.

பேச்சு வேறு பக்கம் திரும்பியபோது, தமிழ் எழுத்துகளை நமது சங்கத்தின் ஞாயிறு வகுப்பில்தான் கற்றதாகக் கூறினார். இருபத்து மூன்று வயதில் எதற்காகக் கற்றீர் என்று கேட்டோம். பாட்டனாரின் தம்பி குடும்பம் திருத்தணிப் பக்கம் தங்கிவிட்டதாம். அவர் எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. தந்தையார் தெலுங்குப் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. பாட்டனார் மறைந்த பிறகு அந்தப் பெட்டியைத் திறந்து படிக்க வீட்டில் எவரும் இல்லை. "யாராவது ஒருவர் படிக்க வேண்டாமா என்று தோன்றியது, அண்ணா" என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

"இதை ஏன் உங்கள் கதையில் வைக்கவில்லை?"

"இது எங்கள் வீட்டு விஷயம். இதில் கதை எங்கே இருக்கிறது?" என்று வியப்போடு கேட்டார்.

நாம் எழுதுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு பக்கம் எழுதிப் பார்க்கும்படியும், எழுதத் தொடங்கும்போது தெரியாத ஏதேனும் ஒன்று அந்தப் பக்கம் முடிவதற்குள் தெரிய வந்தால் மறுபக்கத்தை எழுதும்படியும் சொல்லிவிட்டு வந்தோம்.

சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். நான்கு பக்கம் ஆகியிருக்கிறதாம். முதற் கடிதத்திலேயே சின்னத் தாத்தா, கிணற்றடி மாமரம் இவ்வாண்டு காய்த்ததா என்று கேட்டிருக்கிறார். அடுத்த கடிதத்திலும் அதே கேள்வி, அதற்கடுத்ததிலும் அதுவே. அந்த மரத்தைத் தாம் பார்த்ததே இல்லை என்றும், தந்தையாரைக் கேட்டால் அவர் எழுந்து வெளியே போய்விட்டார் என்றும் இளைஞர் சொன்னார். பாட்டனார் எழுதிய பதில்கள் இருந்தால் தெரியும். அவை எல்லைக்கு அந்தப் பக்கம் யார் வீட்டுப் பெட்டியில் இருக்கின்றனவோ. வரும் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஆலையில் விடுமுறை. திருத்தணி செல்லக் காலையில் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டார்.