வீடு போனால் குழாயும் போகுமா?

திருக்குறளில் கடவுள் வாழ்த்தை அடுத்து வரும் அதிகாரம் வான்சிறப்பு. கடவுளுக்கு அடுத்த இடத்தை மழைக்குத் தந்த மரபு நம்முடையது. திருவிழாக்களில் தண்ணீர்ப் பந்தல் போடுவதும் நமக்குப் புதிதன்று. பந்தலில் யாரும் “உங்களுக்கு வீடு இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் கொடுப்பதில்லை. மற்ற நாள்களில் குழாய்த் தண்ணீர் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் செய்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீடற்றவர் என்றதும் கோலாலம்பூர் ஐந்தடியில் படுத்திருப்பவர்களே நம் நினைவுக்கு வருவர். நான் வளர்ந்த ரந்தாவ் தோட்டப்புறத்தில் வீடற்றவர் வேறு விதம். பல்லாண்டுகள் பால்மரம் சீவி, பிறகு செம்பனைக் குலை வெட்டியவர்கள் அவர்கள். லயத்து வீடு தொழிலாளியின் சொத்தன்று, வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டும். சொந்த வீடு வாங்க இயலாதவர்கள் உறவினர் வீட்டுப் பின்புறத்திலும், தோட்ட ஓரத்துப் பலகைக் குடிசையிலும், ஆள் போன பழைய லயத்திலும் ஒண்டிக்கொள்கின்றனர்.

சட்டம் என்ன சொல்கிறது? 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதித் தரச் சட்டம் (சட்டம் 446), வீடு தரும் முதலாளி போதிய குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால், அது காப்பது தொழிலாளியை, ஓய்வுபெற்றவரை அன்று. 2013 ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. ஆக, வாளி தூக்கத் தெம்பு குறையும் வயதில்தான் தண்ணீர் உரிமையும் கைநழுவுகிறது.

சொந்தமாக மீட்டர் வாங்கலாமே என்று தோன்றும். நெகிரி செம்பிலானில் 2009 முதல் நீர் விநியோகத்தைக் கவனித்து வருவது சாயின்ஸ் நிறுவனம். மீட்டருக்கு விண்ணப்பிக்க அடையாள அட்டையோடு வீட்டுப் பத்திரமோ வாடகை ஒப்பந்தமோ பொதுவாகத் தேவைப்படும். ஒண்டியிருப்பவரிடம் எந்தத் தாள் இருக்கும்? 2010 ஜூலை 28இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, தூய குடிநீரை மனித உரிமையாக ஏற்றது. 122 நாடுகள் ஆதரித்தன. எந்த நாடும் எதிர்க்கவில்லை. உரிமை மனிதனுக்கு, மீட்டரோ முகவரிக்கு. சிக்கல் இங்கேதான்.

ஒருவருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? பேரிடர் முகாம்களுக்கான ஸ்பியர் தர அளவின்படி, குடிக்க, சமைக்க, கழுவ, நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர். குழாய் 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 75 லிட்டர், அதாவது 20 லிட்டர் தோம்பு நான்கு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 கிலோ கனம்.

தூரத்தோடு சிக்கல் முடிவதில்லை. குழாயில் சுத்தமாக வரும் நீர், மூடியில்லாத வாளியில் கைபட்டு, குவளைபட்டு அசுத்தமாகிறது. மழைநீரைப் பிடித்தால் கூரைத் தூசியும் பறவை எச்சமும் சேரும். எங்கள் பக்கத்தில் தனியாக இருக்கும் முதியவர் ஒருவரிடம், “தாத்தா, கொதிக்க வெச்சுக் குடிக்கலாமே?” என்றேன். “கேஸு தீந்துட்டா யாரு வாங்கித் தர்றது, தம்பி?” என்றார். அறிவுரைக்கும் செலவு உண்டு என்பது அப்போது புரிந்தது.

தளதளவென ஒரு நிமிடம் கொதித்த நீர் பாதுகாப்பானது. கேஸ் இல்லாதவருக்கு வேறு வழியும் உண்டு. தெளிந்த நீரை நிறமற்ற, சுத்தமான பெட் பிளாஸ்டிக் புட்டியில் நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் கிடத்தினால் சூரியனின் புறஊதாக் கதிர் கிருமிகளைக் கொல்லும். மேகமூட்டமாயின் இரண்டு நாள் வேண்டும். கலங்கல் நீருக்கு இம்முறை உதவாது. நீரில் கலந்த பூச்சிமருந்தையும் இது அகற்றாது.

மாணவர்களாகிய நாம் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, மீட்டர் உள்ள கோவில், மண்டப நிர்வாகத்தினரிடம் பேசி, வேலிக்கு வெளியே ஒரு குழாய் வைக்கச் சொல்லலாம். கூடுதல் கட்டணத்தைக் கழகம் ஏற்கலாம். இரண்டாவது, மூடியும் சிறு குழாயும் உள்ள தண்ணீர்த் தோம்புகளை வாங்கித் தரலாம். மூன்றாவது, நில உரிமையாளரின் சம்மதக் கடிதம் பெற்று, பல குடும்பங்களுக்குச் சேர்த்து ஒரு மீட்டர் கேட்டு விண்ணப்பிக்கலாம். தமிழ்ப்பள்ளியில் கற்ற தமிழால் அவர்கள் சொல்வதைக் கேட்கவும், தேசிய இடைநிலைப்பள்ளியில் கற்ற மலாயால் அதை மனுவாக எழுதவும் நம்மால் முடியும். முகப்பிடத்தில் அவர்களோடு போய் நிற்கவும் முடியும்.

சமூகச் சேவை என்றால் புட்டித் தண்ணீர்ப் பெட்டிகளை அடுக்கிப் படம் எடுப்பதே நம் வழக்கமாகிவிட்டது. அந்தப் பெட்டிகள் ஒரு வாரத்தில் தீரும். அடுத்த திட்டத்தில் ஒரே ஒரு குழாயையாவது நிறுவுவோம்.