மீட்புப் படை வரும்வரை

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, மூணாறு ராஜமலைக்குப் பக்கத்தில் உள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. இறந்தவர்கள் 70 பேர். பெரும்பாலோர் தமிழர்கள், கயத்தாறு வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள். அன்றிரவு அங்கே மின்சாரமும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. வெளியுலகுக்குச் செய்தி எட்டியதே மறுநாள் காலையில்தான்.

நான்கு ஆண்டு கழித்து, 2024 ஜூலை 30 அதிகாலையில், வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் அதேபோல் நடந்தது. இருந்த ஒரே பாலமும் அடித்துச் செல்லப்பட, ராணுவம் பெய்லி பாலத்தைக் கட்டி முடிக்க ஆகஸ்ட் 1 ஆகிவிட்டது. தப்பியவர்களில் சிலர் இருட்டில் காபித் தோட்டத்துக்குள் ஏறி நின்றார்கள். காட்டு யானைகள் நின்ற இடத்துக்கு அருகிலேயே பேத்தியோடு விடியும்வரை உட்கார்ந்திருந்தார் ஒரு பாட்டி.

பேரிடர் என்றதும் மீட்புப் படையை நினைக்கிறோம். அவர்கள் உயிரைப் பணயம் வைத்து வரத்தான் செய்கிறார்கள். ஆனால் மலைப்பகுதியில் முதல் இரவையும், சில நேரம் இரண்டாவது இரவையும் கையில் இருப்பதை வைத்துக்கொண்டுதான் கடக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் உயிருக்கு உலை வைப்பவை நனைந்த உடம்பும், அழுக்குத் தண்ணீரும், தவறிப்போன மாத்திரையும்தான். பசி அவற்றுக்கெல்லாம் பின்னால் வருவது. பலர் வீட்டைவிட்டு ஓடும்போது அரிசியைத்தான் முதலில் தேடுகிறார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எப்போது கிளம்புவது

நீலகிரி, வால்பாறை, கொடைக்கானல், மூணாறு, வயநாடு என எந்தச் சரிவில் வீடு இருந்தாலும் சில அறிகுறிகள் பொது. தரையிலோ சுவரிலோ புதிதாக விரிசல் விடும். மரமும் மின்கம்பமும் சாயும். தெளிவாக ஓடிய ஓடை திடீரென்று சேறாக வரும், அல்லது கொட்டும் மழையிலும் நீர் குறைந்துபோகும். பின்னது மிக மோசமான அறிகுறி: மேலே எங்கோ மண்ணும் மரமும் ஓடையை அடைத்திருக்கலாம், அடைப்பு உடைந்தால் எல்லாம் ஒரே மூச்சில் கீழே வரும். ஓடைவழியே கீழ்நோக்கி ஓடவே கூடாது. பக்கவாட்டில் விலகி, சரிவின் பாதைக்கு வெளியே மேட்டுக்குப் போக வேண்டும்.

அதிகாரிகள் காலி செய்யச் சொன்னால் பகலிலேயே கிளம்பிவிடுங்கள். இருட்டில் ஈரச் சரிவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது ஆகும் காயங்கள், நாலு மணி நேரம் முன்னால் கிளம்பியிருந்தால் ஆகாதவை. தமிழ்நாட்டில் மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077. இரண்டையும் செல்போனில் மட்டும் பதிந்து வைக்காமல், காகிதத்தில் எழுதிப் பைக்குள் போடுங்கள்.

வாசலருகே ஒரு பை

பள்ளிக்கூடப் பை போதும். தோளில் மாட்டினால் இரண்டு கையும் காலியாக இருக்கும். ஒன்று குழந்தைக்கு, ஒன்று பிடிமானத்துக்கு.

முதலில் ஒரு தார்ப்பாய், பத்து மீட்டர் நைலான் கயிறு. அடுத்து மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு. பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் கொதிக்க வைக்க முடியாது என்பது பலருக்கு அந்த இடத்தில்தான் உறைக்கிறது. டார்ச், தீப்பெட்டி, லைட்டர், பவர்பேங்க் ஆகியவற்றைத் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் கட்டி வையுங்கள். ஒரு விசிலும் போடுங்கள். தொண்டை கட்டிப்போன பிறகும் விசில் சத்தம் கேட்கும். விட்டுவிட்டு மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று மீட்பவர்களுக்குப் புரியும். ஒரு கட்டு சூடமும் வையுங்கள். ஈரச் சுள்ளியையும் பற்ற வைக்க அதைப்போல் உதவுவது வேறில்லை. ஆனால் குழந்தை எடுத்து விழுங்கினால் வலிப்பு வரும், பையில் கைக்கு எட்டாத உள்ளறையில் இருக்கட்டும்.

அவல், பொரிகடலை, கடலைமிட்டாய், பேரீச்சை. சமைக்க வேண்டாதவை, சக்தி தருபவை. மாதவிடாய்த் துணி அல்லது நாப்கின், மூக்குக் கண்ணாடி, ஆதார், ரேஷன் கார்டு நகல். சின்னக் குழந்தையின் சட்டைக்குள் பெயரும் பெற்றோர் எண்ணும் எழுதிய சீட்டு.

மருந்துப் பெட்டியைத்தான் நாம் மிக அலட்சியமாக விடுகிறோம். ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, ஆஸ்துமா, தைராய்டு என எதுவானாலும் இரண்டு வாரத்துக்கான மருந்தும் சீட்டு நகலும் அதில் எப்போதும் இருக்க வேண்டும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பும். சில ரத்த அழுத்த மாத்திரைகளை ஒரேயடியாக விட்டால் அழுத்தம் முன்பைவிட எகிறும். இன்சுலின் போடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பயன்பாட்டில் உள்ள குப்பி பெரும்பாலும் நான்கு வாரம்வரை ஃப்ரிட்ஜ் இல்லாமலும் தாங்கும், வெயிலும் சூடும் படாமல் இருந்தால். ஈரத்துணி சுற்றிய மண்சட்டி போதும். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்து உறைந்துபோனால் அது வீண். சாப்பாடு குறையும் நாளில் ஊசியின் அளவை எவ்வளவு குறைப்பது, எந்த ஊசியை எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது என்பதை இப்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிப் பையில் வையுங்கள்.

குளிர்

பனி பெய்தால்தான் குளிரில் உயிர் போகும் என்று நினைக்கிறோம். 10, 15 டிகிரியில், மழையில் நனைந்து காற்றில் நின்றாலே உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். ஆறு மாதக் குழந்தைக்கும் எழுபது வயதுக்காரருக்கும் அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

முதலில் நடுக்கம். பிறகு நாக்கு குழறும், பட்டன் போடக்கூடக் கை ஒத்துழைக்காது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். நடுக்கம் தானாக நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு. உண்மையில் அது உடம்பு தோற்கத் தொடங்கியதன் அறிகுறி.

செய்ய வேண்டியவை எளியவை. ஈரத்துணியைக் கழற்றிவிட்டு இருக்கிற காய்ந்த துணியைச் சுற்றுங்கள். தலையை மூடுங்கள். ஈரத் தரை மேலிருக்கும் காற்றைவிட வேகமாகச் சூட்டை உறிஞ்சும் என்பதால், படுப்பதற்குமுன் கீழே ஒரு முழம் உயரத்துக்குக் காய்ந்த சருகோ தழையோ பரப்பி, அதன்மேல் படுத்துத் தார்ப்பாயை மேலே கட்டுங்கள். குழந்தையைத் தோலோடு தோல் சேர்த்து மார்பில் கட்டிக்கொள்ளுங்கள். வயநாட்டு அட்டமலைக் காட்டில் குகையில் ஒதுங்கியிருந்த பழங்குடிக் குடும்பத்தின் சின்னஞ்சிறு குழந்தைகளை வனத்துறையினர் போர்வையைக் கிழித்துத் தங்கள் உடம்போடு கட்டித்தான் வழுக்குப் பாறையில் இறக்கினார்கள். கீழே விழாமல் காத்ததோடு குழந்தைகளுக்குச் சூடும் கொடுத்தது அந்தக் கட்டு. நினைவோடு இருப்பவருக்கு வெந்நீரில் சர்க்கரை கரைத்துக் கொடுக்கலாம். கை காலைப் பரபரவென்று தேய்ப்பதும் சாராயம் கொடுப்பதும் கெடுதல். மூடிய குடிசைக்குள் கரி அடுப்பு வைத்துக் குளிர் காய்வது அதைவிடக் கெடுதல். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

தண்ணீர்

ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்கக்கூடாது. மேலே எங்கே கொட்டகை சரிந்தது, எந்த விலங்கு செத்தது என்று யாருக்கும் தெரியாது.

முதலில் வடிகட்டுங்கள். பழைய பருத்திச் சேலையை நான்காக, முடிந்தால் எட்டாக மடித்துத் தூக்கின் வாயில் கட்டி மெதுவாக ஊற்றுங்கள். இதை எளிதாக எண்ண வேண்டாம். அமெரிக்க விஞ்ஞானி ரீட்டா கோல்வெல் குழுவினர் வங்கதேசக் கிராமங்களில் இந்த முறையைச் சோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. காலராக் கிருமி நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களோடு ஒட்டிக்கொண்டு வருவதுதான் காரணம். மடித்த துணி அவற்றைப் பிடித்துவிடுகிறது. துவைத்துத் துவைத்து நூல் பிரிந்த சேலைதான் புதுச் சேலையைவிட நன்றாக வடிக்கிறது.

ஆனால் வடித்தால் மட்டும் போதாது. தளபுளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால் ஊட்டி போன்ற உயரத்தில் மூன்று நிமிடம். விறகு இல்லையென்றால் குளோரின் மாத்திரை, உறையில் சொன்ன அளவில். அதுவும் இல்லையென்றால் நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த நீரை நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்க வையுங்கள். மேகமூட்டமானால் இரண்டு நாள்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லாத இடத்தில் ஒரு லிட்டர் சுத்த நீருக்கு ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கூட்டிவிடாதீர்கள், குழந்தைக்கு ஆபத்து. தாய்ப்பால் கொடுப்பவர்கள் நிறுத்தவே கூடாது. அதிர்ச்சியில் பால் வற்றிவிடும் என்று சொல்லிப் பால்பவுடரைக் கையில் திணிப்பவர்களை நம்பாதீர்கள். குழந்தை சப்பச் சப்பப் பால் ஊறும். கலங்கல் நீரில் கரைத்த பவுடர்தான் குழந்தையை வீழ்த்தும்.

மலம் கழிக்க ஓடையிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளிப் போய், ஒரு சாண் குழி தோண்டி மூடுங்கள்.

கண்டதைத் தின்னாதீர்கள்

ஆரோக்கியமானவர் சாப்பாடு இல்லாமல் பல நாள் தாக்குப்பிடிப்பார். அறியாத கிழங்கைத் தின்றவர் ஒரு நாளில் போய்விடுவார். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று மாண்டவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. காளானைத் தொடவே வேண்டாம்.

2023 மே 1ஆம் தேதி கொலம்பியாவின் அமேசான் காட்டில் விமானம் விழுந்து, தனித்துப்போன நான்கு குழந்தைகள் நாற்பது நாள் உயிரோடு இருந்தார்கள். மூத்தவள் பதின்மூன்று வயதுப் பெண். விமானத்தில் இருந்த மரவள்ளி மாவைச் சிக்கனமாகத் தின்றார்கள். அது தீர்ந்தபின், வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்துத் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பழங்களை மட்டும் தேடினார்கள். காட்டில் எது கிடைத்தாலும் தின்னலாம் என்பதற்கு இதைச் சிலர் உதாரணம் காட்டுகிறார்கள். எனக்கு இது நேர்மாறானதைத்தான் சொல்கிறது.

பாம்பும் காயமும்

வெள்ளமும் சரிவும் வரும்போது பாம்பும் நம்மைப்போல் மேடு தேடித்தான் வரும். அடிவாரப் பகுதியில் தரையில் படுப்பவர்களை இரவில் கடிக்கும் கட்டுவிரியன் கடித்ததே தெரியாது. விடிகாலையில் வயிற்றுவலி, இமை தொங்குதல், விழுங்கச் சிரமம் என்று வந்தால் சந்தேகப்படுங்கள். இறுகக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் சட்டம் வைத்து அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். விஷமுறிவு மருந்து ஒன்றுதான் வழி. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுக்கும் விஷத்திலிருந்து அது தயாராகிறது. அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

அட்டை கடித்தால் பிடுங்காமல் உப்போ சோப்புத் தண்ணீரோ விட்டு உதிர்த்துவிடுங்கள். காயத்தில் காபித்தூள், மண், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். காய்ச்சி ஆறிய தண்ணீரும் சோப்பும் கொண்டு ஐந்து நிமிடம் விடாமல் கழுவுங்கள், ஊருக்குத் திரும்பியதும் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தபின் காய்ச்சல்

ஆபத்து தாண்டிவிட்டது என்று நினைக்கும்போது, ஒன்றிரண்டு வாரம் கழித்து வருவது எலிக்காய்ச்சல். சேற்றில் நடந்தவர்களுக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் தள்ளிப்போடக்கூடாது. வெள்ளத்தில் உழன்றவர்களுக்கு முன்கூட்டியே டாக்ஸிசைக்ளின் கொடுக்கலாமா என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் தாமாக எடுக்கக்கூடாது. புல்லிலும் புதரிலும் படுத்தவர்களுக்கு வருவது ஸ்க்ரப் டைபஸ். அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு மடிப்பு ஆகிய இடங்களில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு இருக்கும்; வலிக்காது, அதனால் யாரும் பார்ப்பதில்லை. உரிய மருந்து கொடுத்தால் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும், விட்டால் நுரையீரலும் சிறுநீரகமும் கெடும். டாக்டரிடம் போனால் காய்ச்சல் என்று மட்டும் சொல்லாமல், எந்தத் தேதியில் எங்கே தண்ணீரில் நடந்தீர்கள், எத்தனை இரவு வெளியே படுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.