கம்ப்யூட்டர் ஏன் இரைகிறது?

வாயை அடைக்காதீர்கள், மூச்சு விட வழி செய்யுங்கள்!

இரவு நேரம். வீட்டில் குழந்தைக்கு மூச்சு இரைக்கிறது. என்ன செய்வீர்கள்? "சத்தம் போடாதே!" என்று வாயைப் பொத்துவீர்களா? மாட்டீர்கள். ஏன் இரைக்கிறது என்று பார்ப்பீர்கள்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் விசிறி இரைந்தாலும் அதையேதான் செய்ய வேண்டும்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், மேடவாக்கம் பக்கங்களில் எத்தனையோ வீடுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் இப்போது "ஆல்-இன்-ஒன்" கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. திரை, மூளை, ஒலிபெருக்கி எல்லாம் ஒரே பலகைக்குள் அடங்கியவை. இடம் அடைப்பதில்லை. பார்க்கவும் அழகு.

ஆனால் கோடை வந்தால் போதும். "உஸ்ஸ்" என்று ஒரு சத்தம். நாளாக நாளாக அது "கர்ர்" என்று மாறுகிறது.

"பழசாகிவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம்" என்கிறார் அப்பா. "அந்த விசிறியைக் கழற்றி எறிந்தால் என்ன?" என்கிறான் பையன்.

இரண்டும் வேண்டாம்! முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

கம்ப்யூட்டரின் மூளை ஒரு சிறிய சிப். வேலை செய்யச் செய்ய அது சூடாகும். அதன் மேல் ஓர் உலோகத் தகடு. அதிலிருந்து செம்புக் குழாய் ஒன்று செல்கிறது. குழாயின் முனையில் சீப்புப் பல்லைப் போல மெல்லிய தகடுகள். விசிறி வெளிக்காற்றை இழுத்து, அந்தப் பற்களின் நடுவே ஊதி, சூட்டை வெளியே தள்ளுகிறது.

சூடு ஏறினால் விசிறி வேகமாகச் சுற்றும். வேகம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 15 டெசிபல் கூடும். நம் காதுக்கு அது ஏறக்குறைய 3 மடங்கு சத்தமாகக் கேட்கும்.

அதாவது, சூட்டைக் கொஞ்சம் குறைத்தாலே சத்தம் நிறையக் குறைந்துவிடும்.

விசிறி ஓடாவிட்டால்? பல சிப்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். அப்புறமும் சூடு ஏறினால் கம்ப்யூட்டர் தானாகவே நின்றுவிடும். பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்பும் கடைசி நாளில் இப்படி நின்றால் யார் என்ன செய்ய முடியும்?

"விசிறியே வேண்டாம்!"

விசிறியை வெறுத்தவர்களில் பெரிய மனிதர் ஒருவரும் உண்டு. அவர்தான் ஆப்பிள் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ்.

1984-ம் ஆண்டு ஜனவரியில் "மேக்கிண்டோஷ்" என்ற கம்ப்யூட்டர் அமெரிக்காவில் வெளிவந்தது. அதுவும் திரையும் மூளையும் ஒரே பெட்டியில் அமைந்ததுதான். கம்ப்யூட்டர் சத்தமே போடக் கூடாது என்பது ஜாப்ஸின் பிடிவாதம். ஆகவே அதில் விசிறி வைக்கவில்லை.

நடந்தது என்ன? சத்தம் இல்லை, ஆனால் சூடு இருந்தது. சூட்டினால் உள்பாகங்கள் பழுதாயின. "ரொட்டி வாட்டும் பெட்டி" என்று அதற்குக் கேலிப் பெயரே வந்துவிட்டது!

1985-ல் ஜாப்ஸ் அந்தக் கம்பெனியை விட்டு விலகினார். 1987-ல் வந்த "மேக்கிண்டோஷ் எஸ்.இ." பெட்டிக்குள் விசிறி வைத்தார்கள். அந்த விசிறி போட்ட சத்தம் பொறுக்காமல், பிறகு வேறு விசிறிக்கு மாற்றினார்கள்.

ஆக, இந்தத் தலைவலி இன்று வந்ததல்ல. சத்தத்தை ஒழித்தால் சூடு போய்விடாது. சூட்டைக் குறைத்தால் சத்தம் தானே அடங்கும். இதுதான் பாடம்.

வெயிலும் தூசியும்

பல கம்பெனிகள், "அறையின் உஷ்ணம் 35 டிகிரிக்கு மேல் போகக் கூடாது" என்று தங்கள் கம்ப்யூட்டரோடு தரும் குறிப்பில் அச்சிடுகின்றன. நம் ஊர் நிலைமை என்ன? மீனம்பாக்கம் வானிலை நிலையத்தில் கத்திரி வெயில் காலத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையின் கதையைச் சொல்லவே வேண்டாம்.

விசிறி, அறையில் இருக்கும் காற்றைத்தான் ஊத முடியும். அந்தக் காற்றே அனலாக இருந்தால், அது பாவம், என்ன செய்யும்?

தூசி அதற்கு மேல். ஜி.எஸ்.டி. சாலையில் ஓயாமல் ஓடும் வண்டிகள் கிளப்பும் மண். புறநகரில் புது வீடுகள் கட்டும் இடங்களிலிருந்து வரும் சிமெண்டுத் தூள். இவை போதாதென்று வீட்டுக்குள்ளேயே தாளிப்புப் புகை, சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திப் புகை. எண்ணெய்ப் புகை பட்ட தூசி பிசின் போல ஒட்டிக்கொள்ளும். விசிறிக்கும் சீப்புப் பற்களுக்கும் நடுவே கம்பளி விரித்தது போல அடைத்துக்கொள்ளும்.

காற்றுப் போக வழியில்லை. விசிறி இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. அதுதான் உங்கள் காதில் விழும் இரைச்சல்.

சத்தத்தில் நான்கு வகை

காதைக் கொடுத்துக் கேளுங்கள். எல்லாச் சத்தமும் ஒன்றல்ல.

ஒன்று: "உஸ்ஸ்" என்ற ஒரே சீரான இரைச்சல். இது சூடு, தூசி அல்லது அதிக வேலை. பெரும்பாலும் வீட்டிலேயே தீர்க்கலாம்.

இரண்டு: "கர்ர்", "கடகட" என்று உராயும் சத்தம். காலையில் போட்டதும் அதிகமாக இருந்து, பிறகு குறையலாம். விசிறியின் அச்சு தேய்ந்திருக்கலாம். இறக்கையில் ஏதாவது கம்பி உரசுவதும் உண்டு. இதற்கு மெக்கானிக் வேண்டும்.

மூன்று: போட்ட நிமிஷத்திலிருந்தே முழு வேகம். பெட்டி சூடாகவே இல்லை. ஆனாலும் விசிறி அலறுகிறது. உஷ்ணத்தை அளந்து சொல்லும் கம்பி கழன்றிருக்கலாம். 2011-ம் ஆண்டு "ஐமேக்" கம்ப்யூட்டரில் ஒரு வேடிக்கை உண்டு. அதில் ஹார்ட் டிஸ்க்கின் சூட்டைச் சொல்லும் ஏற்பாடு அந்த டிஸ்க்கிலேயே இருந்தது. அதை எடுத்துவிட்டுக் கடையில் வாங்கிய சாதாரண டிஸ்க்கைப் போட்டால் செய்தி வராது. செய்தி வராததால் விசிறி பயந்துபோய் முழு வேகத்தில் சுற்றும்! ஆகவே, ஏதாவது பாகம் மாற்றிய பிறகு சத்தம் வந்தால், அதை மெக்கானிக்கிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நான்கு: "டிக்... டிக்..." என்று தட்டும் சத்தம். ஜாக்கிரதை! இது விசிறியாக இல்லாமல் ஹார்ட் டிஸ்க்காக இருக்கலாம். டிஸ்க் சாகப் போகிறது என்பதற்கு இது அடையாளம். குடும்பப் படங்கள், மதிப்பெண் பட்டியல், கடைக் கணக்கு எல்லாவற்றையும் உடனே வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். ரிப்பேர் அப்புறம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலில், பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஜன்னல் வெயில் படும் இடம் வேண்டாம். சமையலறை வாசலும், சாம்பிராணி போடும் பூஜை அலமாரியின் பக்கமும் வேண்டாம்.

டி.வி.க்குப் போடுவது போலப் பூப்போட்ட துணியால் கம்ப்யூட்டரை மூடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அணைத்து, சூடு ஆறிய பிறகு மூடுங்கள். ஓடும்போது மூடினால் கழுத்தை நெரிப்பது போல!

அடுத்து, கம்ப்யூட்டர் வீண் வேலை செய்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரானால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்துங்கள். எந்த வேலை மூளையை அதிகம் தின்கிறது என்று ஒரு பட்டியல் வரும். தேவையில்லாமல் திறந்து கிடப்பவற்றை மூடிவிடுங்கள். பாதிச் சத்தம் அப்போதே அடங்கினாலும் அடங்கும்.

பிறகு தூசி. கம்ப்யூட்டரை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். சூடு ஆறட்டும். படம் வரையும் மெல்லிய பிரஷ்ஷினால், அடியிலும் முதுகிலும் உள்ள காற்றுத் துளைகளை மெதுவாகத் துடையுங்கள். ஈரத் துணி கூடாது. மழைக்காலத்தைவிடக் கோடையில் இதை அடிக்கடி செய்யுங்கள்.

செய்யக் கூடாதவை

தேங்காய் எண்ணெய் விடாதீர்கள்! தையல் மிஷின் எண்ணெயும் வேண்டாம். எண்ணெயில் தூசி ஒட்டிச் சேறாகும். இரண்டு நாள் சுகம். மூன்றாம் நாள் பழைய கதை.

விசிறியின் கம்பியைப் பிடுங்காதீர்கள். "விசிறியில் கோளாறு" என்று திரையில் எச்சரிக்கை வந்தால், அதைத் தாண்டிப் போய் வேலை செய்யாதீர்கள்.

திரையை நீங்களே கழற்றாதீர்கள். 2012-ன் கடைசியிலிருந்து வந்த ஐமேக் கம்ப்யூட்டர்களில் திரையைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். நெம்பினால் கண்ணாடி உடையும். சில பெட்டிகளில் வீட்டு மின்சாரத்தை வாங்கும் பாகம் உள்ளேயே இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கி நிற்கும். தொட்டால் உயிருக்கே அபாயம்.

கடைக்குப் போகும்போது

தாம்பரம், குரோம்பேட்டையிலேயே ரிப்பேர் கடைகள் இருக்கின்றன. அங்கே பாகம் கிடைக்காவிட்டால் மின்சார ரயிலேறி, மவுண்ட் ரோடை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போகலாம். அங்கே கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

பெட்டியைப் போர்வையில் சுற்றி, திரையில் எதுவும் அழுந்தாமல் கொண்டு போங்கள். கடையில் வெட்கப்படாமல் கேளுங்கள்:

"தம்பி, விசிறி போய்விட்டதா, தூசியா?"

"திறந்து பார்த்தால்தான் தெரியும் அக்கா."

"பார்த்துவிட்டு எவ்வளவு ஆகும் என்று சொல்லுங்கள். நான் சரி என்ற பிறகு வேலையை ஆரம்பியுங்கள். மாற்றினால் பழைய விசிறியை என்னிடம் கொடுத்துவிடுங்கள்."

இப்படிக் கேட்பதில் தவறே இல்லை. நல்ல மெக்கானிக் கோபிக்க மாட்டார். விசிறியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் ஓர் எண் இருக்கும். அதே எண்ணுள்ள விசிறியைத்தான் போட வேண்டும். திறந்ததுதான் திறந்தார்கள், சிப்பின் மேல் தடவிய வெப்பப் பசை காய்ந்திருந்தால் அதையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ரசீது வாங்க மறக்காதீர்கள்.

குப்பைக்கு அவசரம் வேண்டாம்

விசிறி ஒரு சின்னப் பாகம். அது கெட்டதற்காகத் திரை, மூளை, டிஸ்க் எல்லாவற்றையும் எறிவது, டயர் பஞ்சரானதற்குச் சைக்கிளையே எறிவது போன்றது. புதிதாக வாங்கும் பணத்தில் பிள்ளைகளின் பள்ளிச் செலவு எவ்வளவோ நடக்கும்.

உண்மையிலேயே ஆயுள் முடிந்துவிட்டால், மற்றக் குப்பையோடு சேர்க்காதீர்கள். மின்னணுக் கழிவைத் தனியாகச் சேகரித்துப் பிரிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் அமலில் இருக்கின்றன. அங்கீகாரம் பெற்றவர்களிடமே கொடுங்கள்.

யந்திரத்துக்கு வாய் இல்லை. உடம்புக்கு ஆகவில்லை என்று சொல்ல அதற்குத் தெரிந்த ஒரே மொழி சத்தம். அது பேசும்போதே கேட்டுக்கொண்டால் செலவு பிரஷ்ஷோடு முடியும். கேட்காமல் விட்டால் ஒருநாள் சத்தம் தானாகவே நின்றுவிடும், கம்ப்யூட்டரும் நின்றுவிடும்!