விளையாட்டுச் சங்கத்தின் ஏடுகள் யாருடையவை?



ஆடுகளத்தில் நடுவர் ஊதலை ஊதும்போது ஆயிரம் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்பதைக் கண்டவர் பலர். ஆதலால் நடுவர் தவறினாலும் அத்தவறு மறைந்துபோவதில்லை. ஆனால், இன்ன மாணவன் ஆடத் தகுதியுடையவனா, இன்ன பள்ளி இவ்வாண்டுப் போட்டியில் கலந்துகொள்ளலாமா, நுழைவுச் சீட்டு விற்ற பணம் எவ்வாறு செலவாயிற்று என்பனவற்றையெல்லாம் ஆடுகளத்தில் முடிவு செய்வதில்லை. ஓர் அறையில், மேசையைச் சுற்றி அமர்ந்த சிலர் முடிவு செய்கின்றனர். அந்த அறைக்குள் எட்டிப் பார்க்க யாருக்கு உரிமை உண்டு என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகின்றேன்.

அத்தகைய அறையில் நானும் அமர்ந்திருக்கின்றேன். தலைமையாசிரியனாக இருந்த நாளில், பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டியொன்றின் முறையீட்டுக் குழுவில் என்னையும் ஓர் உறுப்பினனாகச் சேர்த்திருந்தார்கள். ஒரு பையனின் வயதைப் பற்றி ஐயம் எழுந்தது. சான்றிதழைக் கைமாற்றிப் பார்த்தோம், காப்பி வந்தது, அது ஆறுவதற்குள் அவன் ஆடக்கூடாது என்று முடிவு கட்டிவிட்டோம். பையனின் தந்தை தாழ்வாரத்தில் நின்றிருந்தார். "ஏன் ஐயா?" என்று அவர் கேட்டதற்கு, "குழுவின் முடிவு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தோம். எங்கள் முடிவு சரியானதாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதற்குரிய காரணத்தை நாங்கள் எழுதிவைக்கவில்லை. அம்முடிவு சரிதான் என்று இன்று நான் மெய்ப்பிக்க விரும்பினாலும் என் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இது என் நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்தமையால்தான், இந்தக் கேள்வியை நீதிமன்றங்கள்வரை கொண்டுசென்று அலசி ஆராய்ந்த அமெரிக்க நாட்டின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி விளையாட்டை மத்திய அரசோ, பெரும்பாலான மாநிலங்களில் மாநில அரசோ நேராக நடத்துவதில்லை. மாநிலந்தோறும் ஒரு சங்கம் உண்டு. பள்ளிகள் அதன் உறுப்பினர்கள். இல்லினாய் மாநிலச் சங்கம் 1900-இலும், பென்சில்வேனியாச் சங்கம் 1913-இலும், மிச்சிகன் சங்கம் 1924-இலும், டென்னஸிச் சங்கம் 1925-இலும் தோன்றியவை. ஒரு மாணவன் ஒரு பள்ளியிலிருந்து மற்றொரு பள்ளிக்கு மாறினால் உடனே ஆடலாமா, எத்தனை வயதுவரை ஆடலாம், பயிற்சி எந்த நாளில் தொடங்கலாம் என்ற விதிகளை வகுப்பவை இச்சங்கங்களே. மீறிய பள்ளியைத் தண்டிப்பவையும் இவையே. மாநிலப் போட்டிகளை நடத்தி நுழைவுக் கட்டணம் பெறுபவையும் இவையே. பெயரளவில் இவை தனியார் சங்கங்கள். விரும்பினால் சேரலாம், விரும்பாவிட்டால் விலகலாம் என்பார்கள். விலகிய பள்ளி யாருடன் ஆடுவது? எதிரணி இல்லாமல் பந்தைச் சுவரில் எறிந்து விளையாடவேண்டியதுதான்.

இனி டென்னஸிக்கு வருவோம். நாஷ்வில் நகரை அடுத்து பிரெண்ட்வுட் அகாடமி என்னும் தனியார் பள்ளி இருக்கின்றது. 1997-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அப்பள்ளியின் கால்பந்துப் பயிற்சியாளர், எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த சில சிறுவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். (கால்பந்து என்றதும் நம் ஊர் ஆட்டத்தை எண்ணிவிடாதீர்கள். அங்கே பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டுதான் ஓடுவார்கள்!) வசந்தகாலப் பயிற்சிக்கு வாருங்கள், விரைவில் சேர்வது உங்களுக்கு நன்மை தரும் என்பது கடிதத்தின் சாரம். "உங்கள் பயிற்சியாளர்" என்று கையொப்பம் இட்டிருந்தார். அச்சிறுவர்கள் அடுத்த ஆண்டு அப்பள்ளியில் சேர ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள். ஆனால் இன்னும் சேர்ந்தவர்கள் அல்லர். ஆட்டத்திற்காகச் சிறுவர்களைத் தம் பள்ளிக்கு இழுக்கக்கூடாது என்பது சங்கத்தின் விதி. சங்கம் விசாரித்தது. நான்காண்டுக் காலம் கண்காணிப்பு, இரண்டாண்டுகள் இறுதிச் சுற்றுப் போட்டிகளில் கலந்துகொள்ளத் தடை, 3,000 டாலர் அபராதம் எனத் தண்டனை விதித்தது.

பள்ளி நீதிமன்றம் ஏறியது. எங்கள் பேச்சுரிமையைப் பறித்தார்கள், முறையாக விசாரிக்கவில்லை என்பன அதன் வாதங்கள். இங்கேதான் ஒரு நுட்பமான முடிச்சு இருக்கின்றது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் பதினான்காம் திருத்தம், நெறிமுறையின்றி ஒருவருடைய உரிமையைப் பறிக்காதே என்று மாநில அரசைத்தான் கட்டுப்படுத்துகின்றது, தனியாரைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே, கடிதம் எழுதியது குற்றமா என்பதற்கு முன்னால், சங்கம் அரசா, தனியாரா என்பதைத் தீர்க்கவேண்டியதாயிற்று.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி டேவிட் சூட்டர் எழுதிய அத்தீர்ப்பு, சங்கத்தின் பெயர்ப்பலகையைப் பார்க்கவில்லை. அதன் அன்றாட வாழ்க்கையைப் பார்த்தது. உறுப்புப் பள்ளிகளில் ஏறத்தாழ 290, அதாவது நூற்றுக்கு 84, பொதுப் பள்ளிகள். ஆளும் குழுக்களில் அப்போது அமர்ந்திருந்தவர் அனைவரும் பொதுப் பள்ளி அதிகாரிகள். கூட்டங்களில் பாதி பள்ளி வேலை நேரத்திலேயே நடந்திருக்கின்றன. சங்கத்தின் ஊழியர்கள் மாநில அரசின் ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம். மாநிலக் கல்வி வாரியத்தின் உறுப்பினர்கள் பதவி வழியாகவே சங்கத்தின் குழுக்களில் இடம் பெற்றிருந்தார்கள். 1972-இல் வாரியம் தன் விதியிலேயே இச்சங்கத்தைப் பள்ளி விளையாட்டை மேற்பார்க்கும் அமைப்பாகக் குறிப்பிட்டது. 1996-இல் அவ்விதியை நீக்கிவிட்டபோதிலும் நடைமுறை மாறவில்லை. இப்படி நூலும் பாவுமாகப் பின்னிக் கிடப்பதைத் தனியார் என்று எப்படிச் சொல்வது? சங்கத்தின் செயல் அரசின் செயலே என்று ஐந்து நீதிபதிகள் கூறினார்கள். நால்வர் மறுத்தார்கள். சங்கத்தை அரசு தோற்றுவிக்கவும் இல்லை, அதன் விதிகளை வகுக்கவும் இல்லை. பள்ளிகள் கூடி அமைத்த ஒன்றை அரசாக்குவது முறையன்று என்பது நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய மறுப்பு. அதுவும் புறக்கணிக்கத்தக்க வாதமன்று என்பதைச் சட்டம் படிக்கப்போகும் மாணவர்கள் நினைவில் வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு பள்ளி வென்றதா? இல்லை! அதே வழக்கு 2007-இல் மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, சிறுவர்களை இழுக்கும் கடிதத்தைத் தடுக்கச் சங்கத்துக்கு உரிமை உண்டு என்று ஒருவர்கூட மாறுபடாமல் தீர்த்தார்கள். விசாரணைக் குழு கதவை அடைத்து ஆலோசித்தபோது, பள்ளியார் அறியாத செய்திகளை விசாரணை அலுவலரிடம் கேட்டது என்று ஒரு குறை சொல்லப்பட்டது. அப்படியே நடந்திருந்தாலும் அதனால் முடிவு மாறியிராது என்று நீதிமன்றம் அதையும் ஒதுக்கியது. கடிதம் பெற்ற எட்டாம் வகுப்புச் சிறுவர்கள் அதற்குள் கல்லூரியையும் முடித்திருக்கக் கூடிய வயதை எட்டிவிட்டார்கள். எனக்கு இதில் வியப்பு என்னவென்றால், சங்கத்தின் முடிவு சரியென்று நிலைநாட்டப்பட்டதும் விரிவான விசாரணைக்குப் பிறகுதான். நான் காப்பி குடித்துக்கொண்டே தீர்த்த தீர்ப்புக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

தோற்ற பள்ளி வெட்டிவைத்த வாய்க்காலில் வேறு வயல்களுக்கு நீர் பாய்ந்தது. மிச்சிகன் மாநிலத்தின் கதையைக் கேளுங்கள். அங்கே பெண்களின் கூடைப்பந்துப் பருவம் இலையுதிர் காலத்தில் வைக்கப்பட்டிருந்தது, கைப்பந்து குளிர்காலத்தில். நாட்டின் பிற பகுதிகளில் பெரும்பாலும் இதற்கு நேர் மாறு. ஆண்களுக்கோ எல்லா ஆட்டமும் வழக்கமான பருவத்திலேயே நடந்தன. பருவம் மாறினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கல்லூரிகள் உதவிப் பணம் கொடுத்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் காலம் ஒன்றாகவும், மிச்சிகன் பெண்கள் ஆடும் காலம் வேறாகவும் இருந்தால் இழப்பு யாருக்கு? 1998-இல் பெற்றோர் சிலர் கூடி வழக்குத் தொடுத்தார்கள். இரு பாலாருக்கும் வெவ்வேறு பருவம் என்றால் களமும் பயிற்சியாளரும் நடுவரும் போதுமான அளவு கிடைப்பார்கள், அதனால் மிகுதியான பெண்கள் ஆட முடிகிறது என்று சங்கம் வாதாடியது. அவ்வாறாயின் அத்தியாகத்தை ஏன் எப்போதும் பெண்களே செய்யவேண்டும் என்னும் கேள்விக்கு விடை இல்லை. 2001-இல் மாவட்ட நீதிமன்றமும் 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெற்றோர் பக்கம் தீர்த்தன. டென்னஸித் தீர்ப்பின் துணைகொண்டே மிச்சிகன் சங்கமும் அரசுக்கு ஒப்பாகப் பொறுப்புடையது எனக் கொண்டன. 2007-இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. அவ்வாண்டுப் பள்ளிப் பருவத்திலிருந்து கைப்பந்து இலையுதிர் காலத்துக்கும், பெண்கள் கூடைப்பந்து குளிர்காலத்துக்கும் மாறின.

ஒரு முடிவு தவறானது என்று தெரிந்தால் வழக்காடலாம். ஆனால் தெரிவது எவ்வாறு? ஏடுகளைப் பார்த்தால்தானே தெரியும்! ஆகவே அடுத்த போராட்டம் ஏடுகளைப் பற்றியது. அரசு அலுவலகங்களின் ஆவணங்களை எவரும் கேட்டுப் பார்க்கலாம் என்று அமெரிக்க மாநிலங்களில் சட்டங்கள் உண்டு. விளையாட்டுச் சங்கத்தின் ஆவணங்களையும் அவ்வாறு கேட்கலாமா?

டென்னஸி கேட்கலாம் என்றது. அங்கே 2002-இலேயே மாநில உச்ச நீதிமன்றம், குழந்தைகள் நலப் பணி செய்த ஒரு தனியார் அமைப்பின் வழக்கில் ஓர் அளவுகோலை வகுத்திருந்தது. அமைப்பு செய்வது பொதுப்பணியா, அரசுப் பணம் எவ்வளவு, அரசின் கட்டுப்பாடு எவ்வளவு, சட்டம் அதைத் தோற்றுவித்ததா என்று பார்த்து, செயலளவில் அது அரசுத் துறைக்கு ஈடானதாக இருந்தால் அதன் ஏடுகள் பொதுமக்களுக்கு உரியவை என்றது. நாஷ்வில் செய்தித்தாள் ஒன்று அவ்வளவுகோலைப் பிடித்துக்கொண்டு விளையாட்டுச் சங்கத்தின் ஆவணங்களைக் கேட்டது. 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செய்தித்தாளின் பக்கம் தீர்ப்பளித்தது.

இல்லினாய் மறுத்தது. அங்கே பொதுநலக் கண்காணிப்பு அமைப்பு ஒன்று, சங்கம் கணக்கர்களோடும் வழக்கறிஞர்களோடும் விளம்பரதாரர்களோடும் செய்துகொண்ட ஒப்பந்தங்களைக் காட்டுக என்று 2014-இல் கேட்டது. 2017-இல் மாநில உச்ச நீதிமன்றம், சங்கம் தனித்து இயங்குவது, அரசு அதன் அன்றாட நடவடிக்கைகளை ஆள்வதில்லை, அரசு அதற்குப் பணம் கொடுப்பதில்லை, ஆகவே காட்டவேண்டியதில்லை என்றது. 800-க்கும் மேற்பட்ட பள்ளிகளின் விளையாட்டை ஆளுகின்ற சங்கம் அது. நுழைவுச் சீட்டு வாங்கியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பொதுமக்களே அல்லவா என்று என் போன்ற பழைய ஆசிரியனுக்குக் கேட்கத் தோன்றுகின்றது. ஆயினும் நீதிமன்றம் உள்ள சட்டத்தின் சொற்களுக்குத்தான் பொருள் சொல்லமுடியும். இல்லாத சொல்லைச் சேர்ப்பது சட்டமன்றத்தின் வேலை.

அந்த வேலையைப் பென்சில்வேனியாச் சட்டமன்றம் செய்தது. 2000-ஆம் ஆண்டில் சங்கத்தை மேற்பார்க்க ஒரு குழுவை அமைத்தது. 2008-இல் இயற்றிய தகவல் உரிமைச் சட்டத்தில், ஐயத்துக்கு இடமில்லாமல் சங்கத்தின் பெயரையே எழுதிவைத்தது. நாங்கள் தனியார், எங்களை எப்படிச் சேர்க்கலாம் என்று சங்கம் வாதாடியது. 2024-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், சட்டத்தில் பெயர் இருக்கின்றது, ஆகவே கட்டுப்படவேண்டும் என்று முடித்துவிட்டது. டென்னஸியில் நூலிழை நூலிழையாகப் பிரித்துப் பார்க்கவேண்டியிருந்ததை, இங்கே ஒரு பெயர் தீர்த்துவைத்தது.

ஏடுகளைத் திறப்பதில் ஓர் இடர் உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை. விளையாட்டுச் சங்கத்தின் ஏடுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். ஒருவன் தேர்வில் தவறியதால் ஆடவில்லை. ஒருத்தி நோயின் காரணமாக ஓராண்டு கூடுதல் வாய்ப்புக் கேட்டாள். ஒருவனுடைய பெற்றோர் பிரிந்துவிட்டதால் அவன் பள்ளி மாறினான். இவையெல்லாம் ஊர் படிக்கவேண்டிய செய்திகள் அல்ல. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பள்ளிகள் வைத்திருக்கும் மாணவர் குறிப்புகளைப் பெற்றோர் இசைவின்றிப் பிறருக்குக் கொடுப்பதற்குக் கட்டுப்பாடு விதித்திருக்கின்றது. பிள்ளையின் பெயரையும் நோயையும் மறைத்துவிட்டு, எந்த விதியின்படி, என்ன காரணத்தால், எத்தனை பேர் இசைந்து முடிவு செய்தார்கள் என்பதை மட்டும் காட்டமுடியும். பெயரை மறைப்பதற்கு ஒரு மைக்கோலும் சிறிது பொறுமையும் போதும். ஆனால் மறைப்பதற்கு முன்னால் எழுதியிருக்கவேண்டும். எங்கள் குழுவின் ஏட்டில் அன்று எழுதியிருந்தது தேதியும், வந்திருந்தவர்களின் கையொப்பமும், காப்பிச் செலவும்தான்.