ஏறுனது மூச்சு, இறங்கினது முட்டி

போன வருஷம் ஏப்ரலில் வெள்ளியங்கிரி போயிருந்தேன். ஏறும்போது மூச்சு வாங்கியதே தவிர, கால் ஒன்றும் சொல்லவில்லை. ஏழாவது மலையில் சாமி கும்பிட்டுவிட்டு "இனிமே இறக்கம்தானே" என்று வேகமாக இறங்க ஆரம்பித்தேன். வழுக்குப்பாறைக்கு வருவதற்குள் வலது முட்டி மடங்க மறுத்தது. கடைசி மலையின் படிகளைப் பக்கவாட்டில் திரும்பி, நண்டு மாதிரி இறங்கினேன். பூண்டிக்கு வந்து சேர மதியமாகிவிட்டது.

இந்த வருஷம் "நானும் வர்றேன்" என்கிறார் அப்பா. வயது 67. அதனால்தான் இதை உட்கார்ந்து படிக்க வேண்டியதாயிற்று. கேள்வி ஒன்றுதான்: ஏறும்போது வலிக்காத முட்டி இறங்கும்போது ஏன் வலிக்கிறது?

"இறங்கும்போது உடம்பு எடை முழுக்க முட்டியில விழும்" என்பதுதான் வழக்கமான பதில். இது பாதி உண்மை. பெர்லினில் ஒரு ஆய்வுக் குழு, உள்ளே சென்சார் வைத்த செயற்கை மூட்டுகளை ஐந்து பேருக்குப் பொருத்தி, மூட்டுக்குள் விழும் விசையை நேரடியாகவே அளந்தது. முடிவுகள் 2010-ல் வந்தன. சமதளத்தில் நடக்கும்போது உடல் எடையைப் போல 2.61 மடங்கு, படி ஏறும்போது 3.16 மடங்கு, படி இறங்கும்போது 3.46 மடங்கு. 70 கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் ஏறும்போது சுமார் 221 கிலோ, இறங்கும்போது 242 கிலோ. வித்தியாசம் சுமார் 10 சதவீதம்தான். அந்த 10 சதவீதத்துக்கா நான் நண்டு மாதிரி நடந்தேன்?

மீதிக் காரணம் தசையில் இருக்கிறது. ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. அதாவது பிரேக் வேலை. இப்படி நீளும் நிலையில் வேலை செய்யும்போது தசை நார்களில் நுண்ணிய சேதம் அதிகம் ஏற்படும். மறுநாள், அதற்கு மறுநாள் உட்கார்ந்து எழ முடியாமல் தொடை கடுப்பதும் இதனால்தான்.

இதில் ஒரு சூழ்ச்சி வேறு இருக்கிறது. பிரேக் வேலைக்கு ஆக்சிஜன் குறைவாகத்தான் செலவாகும். அதனால் மூச்சு வாங்காது. ஏறும்போது "போதும், உட்காரு" என்று சொல்கிற மூச்சு, இறங்கும்போது வாயே திறக்காது. நாமும் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று நினைத்து வேகத்தைக் கூட்டுவோம். தசை களைத்துப் போனால் அதிர்ச்சியை உள்வாங்குகிற திறன் குறையும். காலை வைக்கிற இடமும் தப்பும். அப்போதுதான் முட்டி வலிக்கிறது, கணுக்கால் பிசகுகிறது.

கோடை இதை இன்னும் மோசமாக்குகிறது. வெயிலுக்குப் பயந்து ராத்திரி ஏறுகிறோம். சரியான முடிவுதான். ஆனால் விடிந்த பிறகு, தூக்கமில்லாத உடம்போடு, குறைந்த தண்ணீரோடு, ஏறும் வெயிலில் இறங்குகிறோம். கஷ்டமான பாதி, சோர்ந்த பாதியில் வந்து மாட்டுகிறது.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் தடி. அடிவாரத்தில் விற்கிற மூங்கில் தடியை நான் போன தடவை சம்பிரதாயம் என்று நினைத்து வாங்கவில்லை. 1999-ல் ஷ்வாமெடர் குழு, 25 டிகிரி சரிவில் இரண்டு கைகளிலும் ஊன்றுகோல் வைத்து இறங்க விட்டு அளந்தது. முட்டியில் விழும் விசைகள் 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்தன. மேலே சொன்ன 10 சதவீத வித்தியாசத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள். கொஞ்சம் நீளமாகவே இருக்கட்டும். காலுக்கு முன்னால், கீழ்ப் படியில் ஊன்றிவிட்டுத்தான் காலை இறக்க வேண்டும்.

இரண்டாவது, மலைப்பாதை டிரைவர்கள் சொல்கிற விதி: எந்த கியரில் ஏறினியோ, அதே கியரில் இறங்கு. சின்ன அடி, முட்டி லேசாக மடங்கியே இருக்க வேண்டும், குதிக்கவே கூடாது. மூச்சு நினைவுபடுத்தாது என்பதால் கடிகாரத்தைப் பார்த்து ஓய்வெடுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை, வலி இல்லாவிட்டாலும்.

மூன்றாவதுதான் முக்கியம்: முன்பயிற்சி. தசைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பிரேக் வேலையை ஒரு தடவை அளவாகச் செய்து பழகிவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் சேதம் கணிசமாகக் குறையும். இதற்கு மலை வேண்டாம். லிஃப்ட்டில் ஏறி, படியில் இறங்கினால் போதும். தைவானில் வயதான, பருமனான பெண்களை 12 வாரம் படி ஏற மட்டும் ஒரு குழுவாகவும், இறங்க மட்டும் ஒரு குழுவாகவும் விட்டுப் பார்த்த ஆய்வு 2017-ல் வந்தது. தொடைத் தசையின் பலம் அதிகம் கூடியது இறங்கிய குழுவுக்குத்தான். இரண்டு மாதம் முன்பே, வாரத்துக்கு மூன்று நாள், இரண்டு மாடியில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள். கிளம்பும் அன்றைக்கு அடிவாரத்தில் காலை நீட்டி மடக்குவதால் இதை ஈடுகட்ட முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு கணுக்கால் பிசகினால்? உடனே எண்ணெய் போட்டு நீவி "சுளுக்கு எடுக்க" யாராவது வருவார்கள். விடாதீர்கள். முதலில் நாலு அடி எடுத்து வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டாலோ, கணுக்காலின் இரண்டு பக்க எலும்பு முனைகளைத் தொட்டாலே வலி உயிர் போனாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். எலும்பு முறிந்திருந்தால் நீவுவது கெடுதல். முட்டி ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, நிற்கும்போது நழுவினாலோ அதுவும் டாக்டர் பார்க்க வேண்டியது. இதயக் கோளாறு, மூச்சுப் பிரச்சனை உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையே சொல்கிறது. அங்கே தைரியம் காட்ட வேண்டாம்.

அப்பாவை டாக்டரிடம் காட்டிவிட்டேன். இதயம், மூட்டு இரண்டுக்கும் சரி சொல்லிவிட்டார். இப்போது தினம் விட்டு தினம் எங்கள் அபார்ட்மெண்ட்டில் நாலாவது மாடிக்கு லிஃப்ட்டில் போய், படியில் இறங்கி வருகிறார். "எல்லாரும் ஏறித்தான் எக்சர்சைஸ் பண்ணுவாங்க, உங்கப்பா என்ன தலைகீழா பண்றார்?" என்று செக்யூரிட்டி கேட்கிறார். எங்களுக்குள் ஒரே ஒரு ஒப்பந்தம்: எந்த மலையில் தொடை நடுங்க ஆரம்பிக்கிறதோ, அங்கேயிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். இறங்குவதற்கும் கால் மிச்சம் வேண்டுமே.