நடுக்கடலில் கொள்ளையா? கரைக்கு வந்ததும் புகார் கொடுங்கள்

கோடியக்கரைக்குத் தென்கிழக்கே இரவில் வலை விரித்துக் காத்திருக்கும் ஃபைபர் படகை, அதிவேகப் படகுகளில் வருகிறவர்கள் சுற்றி வளைக்கிறார்கள். கத்தியும் கம்பியுமாக ஏறி வலை, ஜி.பி.எஸ்., வாக்கி டாக்கி, செல்போன், பிடித்த மீன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறார்கள். ஆறுகாட்டுத்துறை, வெள்ளப்பள்ளம், செருதூர் மீனவர்களுக்கு இது சில ஆண்டுகளாகத் தொடரும் கொடுமை. எங்கே மீன் படும் என்று வருஷக்கணக்கில் குறித்துவைத்த இடங்களும் அந்த ஜி.பி.எஸ்.ஸோடு போய்விடுகின்றன. வலையின் விலையைவிட அந்த இழப்புதான் பெரிது என்பேன்.

"கடல் எல்லை தாண்டினீர்களா?" என்று தங்களையே திருப்பிக் கேட்பார்களோ என்ற பயத்தில் பலர் புகார் கொடுக்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் கொள்ளையர்களுக்குத்தான் லாபம். நம் கடலில் நடக்கும் கொள்ளை, செய்தவர் எந்த நாட்டவரானாலும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 309-வது பிரிவில் குற்றம். ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் 310-வது பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை உண்டு. ஆழ்கடலுக்கென்று 2022-ம் ஆண்டின் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் தனியாக இருக்கிறது.

கடலில் இருக்கும்போதே வி.எச்.எஃப். 16-வது சேனலில் கூப்பிடுங்கள். டிரான்ஸ்பாண்டர் இருந்தால் அவசரப் பொத்தானை அழுத்துங்கள். செல்போன் சிக்னல் கிடைத்தால் கடலோரக் காவல்படைக்கு 1554, மெரைன் போலீசுக்கு 1093. சம்பவ இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை எப்படியாவது நினைவில் வையுங்கள். வழக்குக்கு அதுதான் ஆணிவேர். என்ஜின், ஜி.பி.எஸ். வரிசை எண்களையும் வாங்கிய ரசீதுகளையும் இன்றே போட்டோ எடுத்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.

சந்தேகப் படகைக் கண்டாலும் சொல்லுங்கள். 2008-ல் மும்பையைத் தாக்கியவர்கள் 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தி, அதிலிருந்தவர்களைக் கொன்றுவிட்டுத்தான் வந்தார்கள்.

கரைக்கு வந்து புகார் கொடுக்கும்போது, "இது எங்கள் எல்லையில் வராது" என்று எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் திருப்பி அனுப்பக் கூடாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும், எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். அடிபட்டிருந்தால் அரசு மருத்துவமனையில் காயச் சான்று வாங்கிப் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.