பிள்ளையின் பாடத்தேர்வும் பெற்றோரின் கடமையும்

பிள்ளைக்கு மணம் பேசுவதாயின் ஊர், உறவு எல்லாம் விசாரிக்கின்றோம். காணியொன்று வாங்குவதாயின் உறுதியைப் பிறரைக் கொண்டு பலமுறை வாசிப்பித்துக் கேட்கின்றோம். எல்லைக் கல்லையும் நேரிற் சென்று பார்க்கின்றோம். அதே பிள்ளை பத்தாந் தரத்திலே எப்பாடங்களைக் கற்கப் போகின்றது என்பதற்கோ, பாடசாலையிலிருந்து வரும் படிவத்தில் அடுக்களை வாயிலில் நின்றபடியே கையொப்பம் இட்டு அனுப்பிவிடுகின்றோம். தமிழாசிரியனாக யான் பணியாற்றிய காலமெல்லாம் கண்டுவரும் காட்சி இது.

பெறுபேறு வெளிவந்த நாளில் எல்லோரும் கேட்கும் வினா ஒன்றே: “எத்தனை ஏ?” அவ்வினா பிழையன்று, ஆனால் அது இரண்டாவது வினா. முதலாவதாகக் கேட்க வேண்டியது, “எந்தப் பாடங்கள்? அவை எவ்வாயிலைத் திறக்கும்? எவ்வாயிலை அடைக்கும்?” என்பது. பெறுபேற்றுக்கு ஈராண்டுக்கு முன்னரே கேட்கப்பட வேண்டிய இவ்வினாவைக் கேட்பார் மிகச் சிலர்.

இந்நாட்டில் இலவசக் கல்வி 1945 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் தலைமையில் அமைந்த குழு 1943 இல் விடுத்த அறிக்கையே அதற்கு அடிகோலிற்று. பாலர் வகுப்புத் தொடங்கிப் பல்கலைக்கழகம் வரை கட்டணம் இன்றிக் கற்கும் உரிமை ஏழைக் குடியானவன் பிள்ளைக்கும் கிடைத்தது. ஆயினும், அவ்வுரிமையைப் பயன்படுத்தும் வழிமுறைகளை அறிந்த வீட்டுக்கும் அறியாத வீட்டுக்கும் இடையே இன்னும் பெரும் இடைவெளி உண்டு. கற்றறிந்த தந்தை வீட்டில் இருந்தே சொல்லிக் கொடுப்பதை, தோட்டத்திலும் கடலிலும் தேயிலை மலையிலும் உழைக்கும் தந்தைக்கு யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும். இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

திருவள்ளுவர் பொருட்பாலிலே தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவை அரசர்க்கு உரியன எனினும், பிள்ளையின் படிப்பைத் திட்டமிடும் பெற்றோர்க்கும் பெரிதும் பொருந்துவன. காலத்தை முதலில் நோக்குவாம்.

க. பொ. த. சாதாரண தரத்துக்கு மாணவர் ஒன்பது பாடங்களுக்குத் தோற்றுவர். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்னும் ஆறும் கட்டாயமானவை. எஞ்சிய மூன்றும் மூன்று தொகுதிகளிலிருந்து, தொகுதிக்கு ஒன்றாகத் தெரிந்தெடுக்கப்படுவன. வர்த்தகம், புவியியல், குடியியல் முதலியன ஒரு தொகுதி. சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம், இலக்கிய நயம் முதலியன மற்றொன்று. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம், விவசாயம், மனைப்பொருளியல், சுகாதாரமும் உடற்கல்வியும் முதலியன பிறிதொன்று. இத்தேர்வு பத்தாந் தரத்தின் வாயிலிலே நிகழ்கின்றது. எனவே ஒன்பதாந் தரத்தின் இறுதித் தவணையே பெற்றோர் விழித்தெழ வேண்டிய காலம்.

பாடசாலை மாணவர் உயர்தர வகுப்புக்குச் செல்லத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களிற் சித்தி வேண்டும். அவற்றுள் மூன்றேனும் திறமைச் சித்தியாதல் வேண்டும். சாதாரண சித்திக்கு 35 புள்ளியும் திறமைச் சித்திக்கு 50 புள்ளியும் எல்லை. ‘ஏ’ என்பது 75 இல் தொடங்குவது. மற்றைய எட்டிலும் ஒளிவீசும் பிள்ளை கணிதத்தில் 35 ஐ எட்டாமையால் வழியில் நின்றுவிடுதல் உண்டு. தாய்மொழியைப் பற்றியும் ஒன்று சொல்லல் வேண்டும். “தமிழ்தானே, தானாக வரும்” என்று பெற்றோர் எண்ணுகின்றனர். தானாக வருவது பேச்சு. பரீட்சை கேட்பது இலக்கணமும் கட்டுரையும் இலக்கியமும். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் மூன்று இடங்களில் ரியூஷன் அனுப்பும் வீடுகளில் தமிழ்ப் புத்தகத்தின் அட்டை கசங்காமல் இருத்தலை யான் கண்டிருக்கின்றேன்.

பரீட்சை நடைபெறும் மாதத்தையும் பழைய நினைவைக் கொண்டு கணித்தல் ஆகாது. முன்னர் உயர்தரம் ஆவணியிலும் சாதாரண தரம் மார்கழியிலும் நிகழ்ந்தன. 2020 இலும் அதன் பின்னரும் வந்த பெருந்தொற்றும் பொருளாதார நெருக்கடியும் அவ்வொழுங்கைக் குலைத்தன. 2022 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் நடைபெற்றது. அந்தந்த ஆண்டின் அறிவித்தலே பிரமாணம்.

அடுத்து வலியறிதல். உயர்தரத்தில் மாணவர் மூன்று பிரதான பாடங்களைக் கற்பர். அவற்றோடு பொது ஆங்கிலமும் பொதுச் சாதாரண பரீட்சையும் உண்டு. பின்னையதில் 30 புள்ளியேனும் பெறாதவர்க்குப் பல்கலைக்கழக அனுமதி இல்லை என்பதைப் பலர் அறியார். கலை, வர்த்தகம், உயிரியல் விஞ்ஞானம், பௌதிக விஞ்ஞானம் என்னும் துறைகளோடு, 2013 இல் பொறியியல் தொழினுட்பம், உயிர்முறைமைகள் தொழினுட்பம் என்பனவும் சேர்ந்தன.

துறையின் பெயரை அறிந்தால் மட்டும் போதாது. துறைக்குள் எம்மூன்று பாடங்கள் என்பதே தலையாயது. மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். பொறியியலுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். உயிரியல் துறையிலே பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் கற்கலாம். அது விதிக்கு உடன்பட்டதே. ஆனால் அங்ஙனம் கற்றவர் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க இயலாது. பௌதிக விஞ்ஞானத் துறையில் இரசாயனவியலை விடுத்துத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை எடுப்போர்க்குக் கணினி சார்ந்த கற்கைகள் திறக்கும். பொறியியற் பீடத்தின் வழமையான வாயில் மூடும்.

சில ஆண்டுகளுக்கு முன் தோட்டஞ் செய்யும் ஒருவர் தம் மகளோடு என்னிடம் வந்தார். மகள் கெட்டிக்காரி, சிறுவயது முதல் வைத்தியராதல் வேண்டும் என்னும் ஆவல் கொண்டவள். அவள் பயின்ற பாடசாலையில் அக்காலம் பௌதிகவியல் ஆசிரியர் இல்லை. ஆகவே பிள்ளைகள் பலரோடு அவளும் விவசாய விஞ்ஞானத்தை எடுத்தாள். அதனால் மருத்துவ வாயில் அடைபடும் என அவளுக்கோ தந்தைக்கோ யாரும் சொல்லவில்லை. பெறுபேறு மிக நன்றாக வந்தது. விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் வேளையிலேதான் உண்மை தெரிந்தது. “எழுதின பாடம் எல்லாத்திலையும் ஏ எடுத்திருக்கிறாள் ஐயா, பிறகு ஏன்?” என்று அத்தந்தை கேட்டார். அவர்க்கு விதியை விளக்கினேன். ஆறுதல் சொல்ல இயலவில்லை. அப்பெண் விவசாயபீடத்துக்குச் சென்று நன்றாகவே கற்றாள். விவசாயக் கல்வி எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. ஆயினும் ஒன்றைத் தெரிந்து விடுதல் வேறு. தெரியாமல் இழத்தல் வேறு. முன்னையது தேர்வு, பின்னையது விபத்து.

வலியறிதல் என்பது பிள்ளையின் விருப்பத்தையும் ஆற்றலையும் அறிதலுமாம். “கணிதம் வராவிட்டாற் கலை” என்று ஒதுக்கித் தள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. கலைத்துறை பிற துறைகளின் மிச்சம் அன்று. தமிழும் புவியியலும் அளவையியலும் விரும்பிக் கற்கும் மாணவன் ஒருவன், பெற்றோரின் பெருமைக்காக உயிரியல் வகுப்பில் மூன்று முறை தோற்றித் தளர்வதைக் காட்டிலும் வீண்செலவு வேறில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று முறைக்கு மேல் தோற்றியவர் கருதப்படார் என்பதையும் இங்கே நினைவில் வைத்தல் வேண்டும். சங்கீதம், நடனம், சித்திரம், கட்டடக்கலை முதலிய கற்கைகளுக்கு உயர்தரப் பெறுபேற்றோடு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. அதற்குரிய அறிவித்தலைத் தவறவிட்டவர்க்குப் பெறுபேறு உதவாது.

இனி, பெற்றோரைப் பெரிதும் மயங்கவைக்கும் இசட் புள்ளி. பல்கலைக்கழக அனுமதியில் 2001 முதல் கையாளப்படும் இம்முறை கடினமானதன்று. ஒரு பாடத்தில் எல்லோரும் பெற்ற புள்ளிகளின் இடையைக் காண்பர். பிள்ளையின் புள்ளி அவ்விடையிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றது என்பதை நியம விலகலால் வகுப்பர். உதாரணமாக ஒன்றைக் கற்பித்துக் கொள்வோம். ஒரு பாடத்தின் இடை 40, நியம விலகல் 15. அதில் 70 பெற்றவர்க்கு இசட் புள்ளி 2. மற்றொரு பாடத்தின் இடை 65, நியம விலகல் 12. அதில் 80 பெற்றவர்க்கு 1.25. எண்பது பெற்றவரினும் எழுபது பெற்றவர் மேலே நிற்கின்றார். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளுடைய சராசரியே தரவரிசைக்கு அடிப்படை. மூன்று ஏ பெற்ற இருவருள் ஒருவர் தெரிவாக மற்றவர் தெரிவாகாமைக்குக் காரணம் இதுவே. அநீதி என்று உடனே முடிவு செய்தல் வேண்டா. எளிய பாடத்தை எடுத்தால் இசட் புள்ளி ஏறும் என்று எண்ணுவோரும் உளர். பலருக்கு எளிதாயிருக்கும் பாடத்தில் இடையும் உயர்ந்து நிற்கும் என்பதை அவர் மறந்து விடுகின்றனர்.

எஞ்சியது இடனறிதல். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு இடங்களுள் 40 வீதம் அகில இலங்கைத் திறமை ஒழுங்கிலும், 55 வீதம் மாவட்டக் குடித்தொகைக்கு ஏற்பவும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கியனவாகக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. முல்லைத்தீவு, மன்னார், மட்டக்களப்பு, நுவரெலியா ஆகியன அப்பதினாறனுள் அடங்கும். ஆதலின் ஒரே இசட் புள்ளி கொழும்பில் ஒரு பயனையும் முல்லைத்தீவில் வேறு பயனையும் தருதல் கூடும். மாணவனது மாவட்டம், பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் அவன் பயின்ற பாடசாலையைக் கொண்டே பொதுவாகத் தீர்மானிக்கப்படுகின்றது. பெயர்பெற்ற பாடசாலை என்று பிள்ளையை வேறு மாவட்டத்துக்கு அனுப்புவோர் இதனை நன்கு ஆராய்ந்த பின்னரே அனுப்புதல் வேண்டும்.

பல்கலைக்கழகம் ஒன்றே வழி என்னும் எண்ணமும் நீங்குதல் வேண்டும். உயர்தரத்தில் தகுதியுடையோரைத் தேசிய கல்வியியற் கல்லூரிகள் ஆசிரியராகப் பயிற்றுகின்றன. உயர் தேசிய டிப்ளோமாக் கற்கைகள் உள. திறந்த பல்கலைக்கழகம் தொழில் செய்து கொண்டே கற்பார்க்கு 1980 முதல் வழி திறந்துள்ளது. தேசிய தொழிற்றகைமை ஏழு நிலைகளை உடையது. அதன் ஏழாம் நிலை பட்டத்துக்கு நிகரானது. சாதாரண தரத்திற் சித்தி எய்தாதவரும் தொழிற்றுறைப் பாடங்களோடு பாடசாலையிலே தொடர்ந்து கற்பதற்கென 13 ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டம் 2017 இல் தொடங்கப்பட்டது. சாதாரண தரத்திற் சறுக்கிய பிள்ளையை வீட்டின் மூலையில் இருத்திப் பழிக்கும் பெற்றோர், முதலில் இவற்றை விசாரிப்பாராக.

இவையனைத்தையும் எங்கே அறிவது? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் அனுமதிக் கைந்நூல் ஒன்றைத் தமிழிலும் வெளியிடுகின்றது. ஒவ்வொரு கற்கைநெறிக்கும் வேண்டிய பாடங்கள், சாதாரண தரத்திலே கணிதத்திலும் ஆங்கிலத்திலும் சில கற்கைகள் கேட்கும் சித்திகள் யாவும் அதில் உள. நம்மவர் அந்நூலைப் பெறுபேறு வந்த பின்னர் விண்ணப்பம் நிரப்புவதற்காக வாங்குகின்றனர். வெள்ளம் வடிந்த பின் அணைகோலுதல் போன்றது அது. உயர்தரப் பாடங்களைத் தெரிவு செய்யும் முன்னரே அதனைத் திறத்தல் வேண்டும். விதிகள் மாறும் இயல்பின ஆதலின், அண்ணன் காலத்து நூலைத் தம்பிக்குப் பயன்படுத்தலும் ஆகாது. விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை விருப்ப வரிசையில் எழுதும்போதும், அயலார் எழுதிய வரிசையைப் பார்த்தெழுதாது, பிள்ளை உண்மையில் விரும்பும் வரிசையையே எழுதுதல் வேண்டும்.

ஆசிரிய அன்பர்க்கு ஒரு வேண்டுகோள். ஒன்பதாந் தரத்தின் இறுதியில் ஒரு நாளும், சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமையில் ஒரு நாளும் பெற்றோரை அழைத்து, இவற்றை எளிய தமிழில் எடுத்துரைத்தல் நம் கடமையாகும். பகலில் வேலைக்குச் செல்வோர் வரக்கூடிய மாலை வேளையாக அது இருத்தல் நன்று. ஊர்தோறும் வாசிகசாலைகள் உள. இலக்கிய வட்டங்கள் உள. கவியரங்குக்கும் பட்டிமன்றத்துக்கும் விரிக்கும் அதே பாயில், ஆண்டுக்கொரு மாலை, அக்கைந்நூலைப் பிரித்து வைத்து உரக்க வாசித்துப் பொருள் சொல்வோமாயின், எழுத்தறிவு குறைந்த தாயொருத்தியும் தன் பிள்ளையின் படிவத்திற் கையொப்பம் இடுமுன் ஒரு வினாவேனும் கேட்பாள்.